கோதுமை ரவையும் என் கால் விரலும்

3-9-1973, திங்கள்

கட்டைவிரல் புண்ணுக்கு ஒன்றரை மாதமாகிறது. மயிலாப்பூர் டாக்டரம்மா வஜீஹா இன்று நேராகவே சொல்லிவிட்டார்: "சோத்தை விடுங்க. இல்லேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்." சர்க்கரை அவ்வளவு ஏறியிருக்கிறதாம். இனி கோதுமை ரவையும் காயும்தான்.

4-9-1973

சமையலறை ஓரகத்தி சரோஜாதேவி அக்காவுடையது. பதினெட்டு வருஷமாக அவர் சொன்னதுதான் வேகும். கேட்டுப் பார்த்தேன்.

"ஜவுளிக்கடை வீட்டுல ரேஷன் கோதுமையா? பாக்குதவங்க என்ன நெனைப்பாங்க? சோத்தையே கொஞ்சமாத் தின்னு, போதும்."

கொஞ்சமாகத் தின்றுதானே இந்தக் கதி. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அது பொம்பளைங்க விஷயம்" என்றார். விரல் என்னுடையது, அவருக்கென்ன!

6-9-1973

பாண்டி பஜாரில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கிப் பின்கட்டில் வைத்தேன். ரவையை வாசம் வர வறுத்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பொடியாக நறுக்கிய பீன்ஸ், கோஸ். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர். இறக்கி எலுமிச்சை பிழிந்தேன். உதிரி உதிரியாக வந்தது. வயிறு கனக்கவே இல்லை.

9-9-1973, ஞாயிறு

இவருடைய அண்ணன் சுயம்புலிங்கம் அத்தான் கூடத்துக்குக் கூப்பிட்டார். "தனியா உலை வெச்சா அண்ணன் தம்பி பிரிஞ்சிட்டாங்கன்னு உஸ்மான் ரோடு முழுக்கப் பேசும். நாளையிலேருந்து அந்த அடுப்பு எரியக் கூடாது."

"எரியும் அத்தான்" என்றேன்.

அவர் முன்னால் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

10-9-1973

எரிந்தது.

17-9-1973

குளித்துவிட்டு வருவதற்குள் செய்து வைத்ததையெல்லாம் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சரி — மறுபடி பீன்ஸ் நறுக்கினேன்.

இந்தத் தடவை பின்கட்டில் தின்னவில்லை. நடுக்கூடத்தில், ஆண்கள் சாப்பிடும் இடத்தில் உட்கார்ந்தேன். அந்த நேரம் அண்ணனும் தம்பியும் கடையிலிருந்து சாப்பிட வந்தார்கள்.

"நல்லசிவம், உம் பொண்டாட்டிய எந்திரிக்கச் சொல்லு."

இவர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ரெண்டு கரண்டி வை" என்றார்.

"அப்ப தனியாப் போயிரு."

"சரிண்ணே."



28-10-1973, ஞாயிறு

சைதாப்பேட்டையில் ஒரு போர்ஷனுக்குக் குடிவந்துவிட்டோம், இரண்டு அறை. தீபாவளிக்குப் பெரிய வீட்டிலிருந்து எங்களைக் கூப்பிடவில்லை. கடையில் அண்ணன் வியாபாரம் மட்டும்தான் பேசுகிறாராம். என்னால்தானா? ஆமாம், என்னால்தான். விரலைக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்திருக்கலாமோ?

மாட்டேன்.

3-12-1973

புண் மூடிவிட்டது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், வலியில்லை. இங்கே வந்ததிலிருந்து இவர்தான் காய் வாங்கி வருவார்; வெகு நாளைக்குப் பிறகு செருப்புப் போட்டு மார்க்கெட்டுக்கு இன்று நானே நடந்தேன். காய் விற்கிற தேவானை எந்த வீடு என்று கேட்டாள். சொன்னேன்.

"ஜவுளிக்கடை ஐயா ஊடா? ஒவ்வொரு பீன்ஸா ஒடிச்சுப் பாத்துக்கினு நிப்பாரே. முத்தலா போட்டா என் சம்சாரத்துக்கு ஆவாதும்பாரு."

இவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். நல்ல பிஞ்சு.