சின்னு, நீயே பார்த்து எழுது

ஜூலை 3

அன்புள்ள அத்தானுக்கு,

நாலைந்து தடவை கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். குட்டி எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணினி அறைக்குப் போன வாரம் புது மென்பொருள் வந்தது. 'நம் ஏடு' என்று பெயர். கடிதம் எழுத, கணக்குப் போட, படம் காட்ட எல்லாம் ஒரே தொகுப்பில், முழுக்கத் தமிழில். உங்கள் கம்பெனி தயாரிப்பு. தலைமையாசிரியைக்கு ஒரே பெருமை. "உங்க அத்தான் வேலை பாக்குற எடம்தானே டீச்சர்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால்தானே நான் அவரிடம் சொல்ல.

முதல் நாளே எனக்கு உறுத்தியது. பக்கத்தின் தலையில் ஒற்றையாய் நின்றுபோகும் வரியைத் தடுக்க ஒரு வசதி உண்டு. இங்கிலீஷில் அதற்கு 'விதவை' என்றுதான் பேர். "ஒரு வரிக்குக்கூட அந்தப் பேரு வைக்க நான் விடமாட்டேன்" என்று அக்கா தன் தமிழாக்கக் குழுவோடு சண்டை போட்டுத் 'தனித்த வரி' என்று மாற்றினாள். இதிலும் 'தனித்த வரி'. சரி, அக்காவும் மற்றவர்களும் காசு வாங்காமல் உட்கார்ந்து தமிழாக்கிய அந்த இலவசத் தொகுப்பையே எடுத்துப் பேர் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கே எனக்கு வயிறு எரிந்தது.

இன்று எட்டாம் வகுப்பு. மூலைக் கம்ப்யூட்டரில் ஒரு செக்யூரிட்டியின் மகள் உட்காருவாள். சும்மா இருக்கமாட்டாள், அதனால் பிள்ளைகள் அவளைக் 'கேள்வி' என்று கூப்பிடுவார்கள். பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொல்லியிருந்தேன். இவள் காலிக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'வரிசைப்படுத்து' என்று அழுத்தியிருக்கிறாள்.

"டீச்சர், கம்ப்யூட்டர் என்னமோ பேசுது."

போய்ப் பார்த்தேன். திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி.

'சின்னு, இதுக்கு மேல எனக்கு மண்டை ஓடல. நீயே பாத்து எழுது.'

கீழே 'சரி' என்று ஒரு பொத்தான்.

"யாரு டீச்சர் சின்னு?" என்றாள். வகுப்பே சிரித்தது. 'சரி'யை அழுத்தினேன், மூடிக்கொண்டது. திரும்பவும் செய்யச் சொன்னேன். திரும்பவும் வந்தது. அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது அத்தான். முப்பது பிள்ளைகள் நடுவில் அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

எங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியும். அவள் மொழிபெயர்ப்பாள், நான் சரிபார்ப்பேன். தடுமாறும் இடத்தில் தனியாகக் குறிப்பு எழுதமாட்டாள். அந்த வரிக்குள்ளேயே எனக்குச் சேதி எழுதிவிடுவாள். நான் அதை அழித்துவிட்டுச் சரியான வாக்கியத்தைப் போடுவேன். கடைசித் தொகுதி என் கைக்கு வரவேயில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். அது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. நான் கேட்டபோது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது: "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு சின்னு. ஒண்ணுமே எடுக்க முடியல."

போன டிஸ்க்கிலிருந்து இது எப்படி வந்தது?

உங்கள்,
சின்னு


ஜூலை 11

என் அன்புச் சின்னுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குட்டி நன்றாக இருக்கிறாள். சித்தி ஏன் வருவதில்லை என்று கேட்கிறாள். எனக்கும் அதே கேள்விதான். உன் அக்கா போனதோடு இந்த வீட்டு வழியை மறந்துவிட்டாய். இருக்கட்டும்.

நீ எழுதியதைப் படித்து எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. அப்படி ஒரு வரி உள்ளே இருப்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. டிஸ்க் போனது உண்மை. அப்புறம் ஆபீஸ் டெக்னீஷியன் ஒருவர் பார்த்து, பாதியை மீட்டுக் கொடுத்தார். உன்னிடம் சொல்லத்தான் இருந்தேன். அந்தச் சமயம் இங்கே மேலிடத்தில், பள்ளிக்கூடங்களுக்குத் தமிழில் ஒன்று வேண்டும், உடனே வேண்டும் என்று உயிரை எடுத்தார்கள். ஆள் குறைப்புப் பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். அவள் உழைப்பு ஒரு பெட்டிக்குள் மட்கிப் போவதற்குப் பதில் பிள்ளைகளுக்காவது பயன்படட்டும் என்றுதான்.

இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவளே பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். யார் யாரோ எடுக்கலாம், கட்டின புருஷன் எடுத்தால் குற்றமா?

ஒரு உதவி. என்ன செய்தால் அந்தப் பெட்டி வருகிறது என்று படிப்படியாக எழுதி அனுப்பு. வேறு எங்காவது இப்படி வந்தால் அதையும். அவள் எழுதும் விதம் உனக்குத்தான் தெரியும். தலைமையாசிரியை காதுக்கு எதுவும் போகவேண்டாம். குட்டியின் படிப்பு இந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்


ஜூலை 22

அன்புள்ள அத்தானுக்கு,

குட்டியை இதில் இழுக்காதீர்கள். அவளுக்கு அம்மா விட்டுப்போனதைத்தான் நீங்கள் கைமாற்றியிருக்கிறீர்கள்.

யாரும் எடுக்கலாம் என்று அக்கா சொன்னது உண்மை. எடுக்கலாம், திருத்தலாம், வேண்டுமானால் விற்கவும் செய்யலாம். செய்தவர்கள் பெயரை மட்டும் அழிக்காதே, அடுத்தவனுக்குக் கதவைச் சாத்தாதே. அவள் கேட்டது அவ்வளவுதான். உங்கள் 'நம் ஏட்டில்' 'இதைப் பற்றி' என்ற இடத்தைத் திறந்து பார்த்தேன். இலவசத் தொகுப்பில் அந்த இடத்தில் தமிழாக்கியவர்கள் பட்டியல் இருக்கும், அக்கா பெயர் நடுவில் இருக்கும். இங்கே என்ன இருக்கிறது தெரியுமா? 'முழுவதும் எமது நிறுவனத்தின் சொந்தப் படைப்பு. நகலெடுப்பது தண்டனைக்குரிய குற்றம்.' இந்த வாக்கியத்துக்கு மட்டும் சரிபார்க்க ஆள் கிடைத்திருக்கிறது, ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அந்தக் குற்றத்துக்கு ஒரு குற்றவாளியும் கிடைத்துவிட்டாள். கேள்வி. போன புதன்கிழமை பென் டிரைவில் அதை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறாள். அவள் அப்பா காவல் காக்கும் கட்டடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழித்துப் போட்டிருக்கிறார்கள். அவர் கேட்டு வாங்கித் தோளில் சுமந்துகொண்டு வந்தார். திறந்தால் எழுத ஒரு மென்பொருள்கூட உள்ளே கிடையாது.

தலைமையாசிரியை அவரை வரவழைத்தார். யூனிபார்மோடு ஓடி வந்திருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"உங்க பொண்ணு பண்ணியிருக்கிறது திருட்டு. புரியுதா?"

"எதை எடுத்துச்சு மேடம்? நான் கொண்டுவந்து வச்சிடுறேன்."

"வைக்கிற சாமான் இல்ல இது."

"அப்ப எது கொறஞ்சிருக்கு மேடம்?" என்றார் அந்த மனிதர். கிண்டலாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். எதுவும் குறையவில்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். இது ஏற்கெனவே இலவசம், என் அக்கா செய்தது என்றேன். "ஆதாரம் இருக்கா டீச்சர்? கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கே" என்றார் தலைமையாசிரியை. பிள்ளையின் பெயர் இப்போது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அக்கா பெயரை எடுத்துவிட்டீர்கள், இவள் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய் இலவசத் தொகுப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஒரே அறை. கட்டிலுக்கு அடியிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டியை இழுத்து, ஸ்டூல் மேல் திரையை வைத்தார்கள். மெதுவாக, ஆனால் நன்றாக ஓடுகிறது. கொஞ்ச நேரம் தட்டிவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், இங்க எல்லாம் தமிழ்ல இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் ஏன் இங்கிலீஷ்?"

அக்கா அனுப்பாத தொகுதி அது. உங்களிடம் இருக்கிறது.

இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தக் கோப்பை எனக்கு அனுப்புங்கள். பட்டியலையும் அவள் பெயரையும் இருந்த இடத்தில் வையுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எழுதிவிட்டு, திட்டாமல் முடித்திருக்கிறேன் பாருங்கள்.

சின்னு


ஆகஸ்ட் 4

அன்புள்ள சின்னு,

சுருக்கமாக எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

கோப்பு இப்போது கம்பெனியுடையது. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. பெயரைப் போட்டால் யார் இவர், எப்போது செய்தார், எப்படி வந்தது என்று நூல் பிடித்துக்கொண்டு வருவார்கள். கடைசியில் என் கழுத்தில் முடியும்.

நீ படிகளை எழுதி அனுப்பாததால் இங்கேயே ஒரு பெண்ணை உட்காரவைத்து முழுதும் தேடச் சொன்னோம். வரும் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, எல்லாப் பள்ளிகளுக்கும் திருத்தம் போகும். இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் தானாகவே மாறிவிடும். அப்புறம் இந்தத் தொல்லை இருக்காது, உனக்கும் வகுப்பில் சங்கடம் இருக்காது.

அந்தப் பெண் நேற்று என் மேசைக்கு வந்து, "சார், யாரு சார் இந்தச் சின்னு? பத்துப் பன்னெண்டு எடத்துல வருது" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

ஒன்று என்னைப் பற்றி. 'உங்க அத்தான் டீ போட்டுட்டு வந்தாரு, சக்கரையே இல்ல. குடிச்சுட்டு வந்து மிச்சத்தை எழுதுறேன்.' அதையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

கோபம் ஆறியதும் வந்து போ. குட்டி உன்னைத் தேடுகிறாள்.

அத்தான்


ஆகஸ்ட் 24

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கணினி அறையில் நின்றபடி படித்தேன். 'எனக்குத் தெரியாது என்றேன்' என்ற இடத்தில் திரும்பத் திரும்ப நின்றுவிட்டேன். எழுத்துப் பிழையோ என்றுகூடப் பார்த்தேன், நம்பமாட்டீர்கள். கையெழுத்து உங்களுடையதுதான்.

உங்கள் திங்கட்கிழமை வருவதற்குள் வேலையை முடித்துவிட்டோம். மூலைக் கம்ப்யூட்டரின் இணைய வயரை உருவிவிட்டேன். பள்ளி விட்டதும் கேள்வியும் அவள் தோழிகளும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மெனுவாகத் திறந்து, இருக்கும் வாசகங்களை எல்லாம் தட்டச்சு செய்தோம். எச்சரிக்கைப் பெட்டிகள்தான் சிரமம். தப்புப் பண்ணினால்தான் அவை வரும். அதனால் தப்புப் பண்ணினோம். இல்லாத கோப்பைத் திறந்தோம், பூஜ்யத்தால் வகுத்தோம், இல்லாத அச்சுப்பொறிக்கு அனுப்பினோம். "டீச்சர், இன்னைக்குத்தான் தப்புப் பண்ணா நீங்க கைதட்டுறீங்க" என்றாள் ஒருத்தி. அக்காவுடைய சேதி ஒவ்வொன்று வரும்போதும் பிள்ளைகள் கத்துவார்கள்: "சின்னு வந்துட்டாங்க!" வந்தது நான் இல்லை, அவள் என்று நான் திருத்தவில்லை.

எல்லாம் கிடைத்திருக்காது. கிடைத்தவரை இலவசத் தொகுப்பில் ஏற்றியாயிற்று. குழுவும் ஏற்றுக்கொண்டது. மொழிபெயர்ப்பு: அக்கா பெயர். பட்டியலில் பழைய இடத்திலேயே இருக்கிறாள். கேள்வி வீட்டில் இப்போது அந்தப் பக்கமும் தமிழ்.

பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு மெமோ வந்திருக்கிறது. கம்பெனியின் புகாராம். உங்கள் கையெழுத்து அதில் இல்லை. தேடிப் பார்த்தேன்.

முதலில் வந்த பெட்டியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். நீயே பாத்து எழுது என்று என்னிடம்தானே விட்டுப்போனாள். மற்றச் சேதிகள் இருந்த இடங்களுக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து வாக்கியம் போட்டோம், அந்த ஒரு வரி மட்டும் நான் தனியாக எழுதியது. இங்கிலீஷ் மூலத்தை எடுத்துப் பார்த்தேன். பெரிய சிக்கலான வாக்கியமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். 'தேர்ந்தெடுத்த கட்டங்களில் எதுவும் இல்லை.' இவ்வளவுதான் அத்தான். பெரிய கையேட்டையே மொழிபெயர்த்தவள் அவள். எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிவிடும் இந்த வரிக்கு அவளுக்கு அன்று மண்டை ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அவளுக்கு முடியாமல் போயிருக்கிறது. அதை யாரிடமும் சொல்லாமல் இந்த வரிக்குள் எழுதிவைத்திருக்கிறாள். நீங்கள் பக்கத்து அறையில் இருந்தீர்கள். நான் போனுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். நீங்கள் கோப்பைக் கொடுத்திருந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்பே இது எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்து என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

டீ வரி திரையில் வந்தபோது அச்செடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு இல்லை, குட்டிக்கு. லீவுக்கு அவளை அனுப்புங்கள். அம்மா எழுதியதை எங்கே அழுத்தினால் பார்க்கலாம் என்று காட்டுகிறேன். நீங்கள் பஸ் ஏற்றிவிட்டால் போதும், கூட வரவேண்டாம்.

இனிமேல் யாராவது உங்கள் மேசைக்கு வந்து 'சின்னு யார்' என்று கேட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். இனி அது பொய்யாக இருக்காது.

இப்படிக்கு,
கணினி ஆசிரியை