பச்சைப் புள்ளியும் உன் சித்தியும்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நான் கழுத்துக்குக் கீழே சுகம்.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு தரம் எழுந்து கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டேன், மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. வலது கண் சிவந்து சிவந்து அடங்கியதே, அது தூசியில்லையாம், கண்ணுக்குள்ளேயே அழற்சியாம், அதனால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்குகிறதாம். உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. ஊசி இல்லை, வலி இல்லை, மோவாயை வைத்துக்கொண்டு ஒரு பச்சைப் புள்ளியையே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உன் தம்பி தனக்கு லீவு இல்லையென்று என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் ஓரகத்தியை, அதான் உன் சித்தியை, துணைக்கு அனுப்பிவிட்டான். உன் கல்யாணத்தில் என்னை இடித்துக்கொண்டு முன்னால் நின்றாளே, ஆல்பத்தில் இன்றைக்கும் என் பாதி முகம்தான், மீதி அவள் கொண்டை, நான் மறப்பேனா? அன்றோடு பேச்சு நின்றது. அவள் கதவோரம் நிற்க நிற்க என் கண் அங்கேயே ஓடியது. படம் கிழித்து ஒட்டின காகிதம் மாதிரி வந்தது. மறுபடி எடுத்தார்கள், அதுவும் அப்படியே. ரத்தம் ஓடாத இடம் கறுப்பாகத் தெரியுமாம், இந்தக் கறுப்பு குழாய் போனதாலா நீங்கள் அசைந்ததாலா என்று எப்படிச் சொல்வது, போயிருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது, இல்லையென்றால் சொட்டு மருந்தே போதும் என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். படம் எடுக்கிற பெண், யாராவது தலையைப் பிடித்துக்கொண்டால் நல்லது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் சித்தி பின்னால் வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அக்கா, திட்டறதா இருந்தா மனசுக்குள்ளயே திட்டுங்க, கண்ணை மட்டும் அசைக்காதீங்க" என்றாள். திட்டினேன், ஒன்று விடாமல். அவள் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டதால் முறைக்க ஆளில்லை, கண் புள்ளியிலேயே நின்றது.

படம் தெளிவாக, இலை நரம்பு மாதிரி வந்தது. கீழ்ப்பக்கம் ஒரு துண்டு மட்டும் கறுப்பு. நான் அசைந்ததால் வந்ததில்லை, நிஜம்தான். போனது திரும்பாதாம், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன், சிவப்பு அடங்கியதும் அடுத்த மாதம் செய்வார்களாம். பேத்தியைப் போனில் பார்த்ததோடு சரி, அந்த மிச்சத்தை நம்பித்தான் இருக்கிறேன். ஆபரேஷன் அன்றைக்கும் தானே வருவதாக உன் சித்தி சொல்கிறாள். ஒரு படத்தில் மறைத்தவள் இன்னொரு படத்துக்குத் தலையைப் பிடித்தால் கணக்கு நேராகிவிடுமா? ஆனால் டாக்டரம்மா அந்தக் கறுப்பைக் காட்டியபோது, "மிச்சமாவது தங்குமா டாக்டர்?" என்று எனக்கு முந்தி அவள்தான் கேட்டாள். அதையும் நான் மறக்கிறவள் இல்லை.

உனக்குக் கண் சிவந்தால் தூசி என்று கழுவிவிட்டுச் சும்மா இருக்காதே, உடனே காட்டு. மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நூறாண்டு இருங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் குழந்தையோடு வந்துவிடு. நீ வராவிட்டால் அன்றைக்கு நான் அவளோடு பேச வேண்டிவரும்.

இப்படிக்கு,
ஒரு கண்ணால் எழுதிய உன் அம்மா