பொட்டு வைத்த தபால்தலை

வண்ணார்பேட்டை,
விரோதிகிருது வருஷம், கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள்.

என் ஆவுக்குட்டிக்கு,

அக்கா அன்னத்தாய் எழுதிக்கொண்டது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் இந்தச் சேதியை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

உன் மகள் சொர்ணம் வந்துவிட்டாள்! உன் வீட்டுக்காரர் அவளை உங்கள் தீவிலிருந்து கப்பலில் கூட்டி வந்தார். முன்பல் இரண்டும் உன்னைப் போலவே பெரிசு. ஆனால் என்னைக் கண்டாலே அப்பா வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள். நான் பிசைந்த சோற்றைத் தொடவில்லை. "பிள்ளை ஒட்டலேன்னா தை மாசம் திரும்பக் கூட்டிட்டுப் போயிருதேன் மதினி" என்று அவர் சொல்லிவிட்டார். எப்படி அனுப்புவேன்? நீ விட்டுப்போனது அவள் ஒருத்திதானே.

நேற்று கார்த்திகை. நமக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லாததால் உனக்காகத்தான் விளக்கு ஏற்றுவேன், தெரியுமே. நீ வாசனைக் காய் வைத்து அனுப்பிய கனத்த உறைகளில் மலைப்படம் போட்ட தபால்தலைகள் இருந்தன அல்லவா, அவற்றைச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறேன். உச்சியில் புகை தெரிந்ததால், உங்கள் தீவிலும் திருவண்ணாமலை மாதிரி மலைமேல் தீபம் ஏற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். நேற்றும் அவற்றின் முன்னால் அகல் வைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து, "பெரியம்மா! எங்க மலைக்கு யாரு பொட்டு வச்சா?" என்று ஒரு குரல்.

பெரியம்மா என்று கூப்பிட்டுவிட்டாளடி!

உன் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஓலைக் கொழுக்கட்டை புரையேறியது. "மதினி, புகை மாதிரி இருக்கது தபால் முத்திரை மையி. ஆனா அது நெசமாவே நெருப்பு மலைதான். பொங்கிச்சுன்னா தீக்குழம்பு கடல் வரைக்கும் ஓடும்" என்றார். உன் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உங்க ஆத்துல வெறும் தண்ணிதான ஓடுது?" என்று என்னைக் கேட்டாள். தாமிரபரணியை இப்படி யாரும் கேவலப்படுத்தியதில்லை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கோயிலில் சொக்கப்பனை கொளுத்தியதும், "குட்டி மலை பொங்குது" என்று என் தோளில் ஏறியவள், இறங்காமலே தூங்கிப்போனாள். தை மாசக் கப்பலில் அவர் மட்டும்தான் போகிறார்.

பிள்ளையை நினைத்து நீ கலங்காதே. நிம்மதியாய் இரு, கண்ணு.

இப்படிக்கு,
உன் அக்கா அன்னத்தாய்.

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அங்கே மலைமேல் தீபம் தெரிகிறதா என்று வருஷா வருஷம் கேட்டு எழுதினேன். "நல்லா எரியுது அக்கா" என்று நீயும் பதில் போட்டாய். சிரித்துக்கொண்டா எழுதினாய், ஏட்டி?