கம்பளத்தைச் சுருட்டிவிட்டேன்

அன்பு மகன் முஹன்னதுக்கு உம்மாவின் சலாம். அங்கே நீயும் உன் வீட்டாரும் சுகம்தானே? இங்கே நம் ஸல்த் ஊரில் குளிர் வந்துவிட்டது, நாங்கள் அல்லாஹ் கிருபையில் இருக்கிறோம், ஆனால் என் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

வாப்பாவுக்கு நடையே போய்விட்டது, பார்க்கின்சன் முற்றிவிட்டது, வாசற்படியில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறார் என்று போன வாரம் போனில் அழுதேனே, நீயும் பதறிப்போய் அம்மான் நகரத்தில் நல்ல முதியோர் இல்லம் பார்க்கிறேன் என்றாயே, அதை அவர் கேட்டுவிட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அன்றிலிருந்து மனுஷன் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வாப்பாவுக்கு நடைப் பயிற்சி கொடுக்க லமீஸ் வந்தாள். நம் கூடத்துத் தரையில் வரிசையாக ஓடும் கறுப்புக் கற்களை ஒவ்வொன்றாக மிதித்து நடக்கப் பழக்கினவள் அவள்தான், கை தட்டித் தாளம் போடுவாள், நடந்துகொண்டே காய்கறிப் பெயர் சொல்லச் சொல்வாள், மூளைக்கும் வேலை வேண்டுமாம், உன் வாப்பா காய்கறிக்குப் பதில் என் அக்காமார் பெயரைச் சொல்லிச் சிரிப்பார். உள்ளே வந்தவள் கீழே பார்த்து, "மாமி, கல்லையெல்லாம் எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் மழை விழுந்ததும் குளிருக்காக ஊரே கம்பளம் விரிக்கிறதே என்று நானும் சுவருக்குச் சுவர் விரித்திருந்தேன், கண்ணுக்குக் கல் தெரிந்தால்தானே அவர் கால் எழும்பும், கால் வைக்க அவருக்கு அடையாளமே இல்லை. நோய் முற்றவும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு பேருமாகச் சுருட்டினோம், அவள் கை தட்டினாள், கொஞ்சம் தயங்கினார், பிறகு கல் கல்லாக மிதித்து வாசலைத் தாண்டிவிட்டார். நான் முக்காட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

இதனால் நோய் போய்விடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று லமீஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். சில நேரம் இன்னும் நின்றுவிடுகிறார், எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை, எட்டி எட்டிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு உம்மு ஹைதம் வந்து, "மழைக்காலத்துல வெறுந்தரையா? கம்பளத்தைக் கரையான் தின்னுடுச்சாடி?" என்று கேலி செய்கிறாள். தின்னட்டும் போ என்றேன். தரை ஐஸாகச் சில்லிடுகிறது, நான் காலுறை மேல் காலுறை போட்டுக்கொண்டு திரிகிறேன்.

இல்லம் பார்க்கும் பேச்சை விட்டுவிடு ராசா. உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும், பிள்ளைகளை அல்லாஹ் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இப்போது கூடத்து போன் மணி அடித்தால் என்னை எடுக்க விடுவதில்லை, "தொடாதே, நானே வர்றேன், அவன் தெரிஞ்சுக்கட்டும்" என்று எழுந்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை நீ அழைத்தாய், யாரும் எடுக்கவில்லை என்று வைத்துவிட்டாய். அவர் பாதி வழியில் இருந்தார். இனிமேல் மணி அடித்துக்கொண்டே இருக்கட்டும் மகனே, வைத்துவிடாதே.

உன் உம்மா,
உம்மு முஹன்னத்