பம்பு ஓடுகிறதா என்று நீ கேட்டாய்

மட்டாஞ்சேரி,
ஜூலை 6, ஞாயிறு

அன்பு மகள் பிந்துவுக்கு அப்பா செல்லதுரை எழுதுவது. அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது, மழைதான் இன்னும் வடியவில்லை, மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி அபிராமும் எடின்பரோவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது அம்மா சொல்லிக்கொள்கிறாள், நானும் பின்னால் நின்று சொல்லிக்கொள்கிறேன். உன் தம்பி பிரதீஷுக்குப் படகுத்துறையில் காலை ஷிஃப்ட் ஆகிவிட்டது, ஐந்து மணிக்கே சாயா குடித்துவிட்டுக் கிளம்புகிறான். வாரம் தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் சொன்ன ஒன்றைத் திருத்தத்தான் இது. போனில் ஆரம்பித்தால் நீ அப்பா என்று கூப்பிட்டதுமே எனக்கு வார்த்தை மாறிவிடுகிறது, இரண்டு தடவை அப்படித்தான் ஆனது. நீ மலையாளத்தில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், பரவாயில்லை, மெதுவாகவே வாசி, நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன், இதற்கு முன் மூன்று தாள் கிழித்தாயிற்று.

மே மாதம் நீ என்னிடம் ஒரு உதவி கேட்டாய். நீ வேலை பார்க்கிற முதலீட்டு ஃபண்டு ஒரு கம்பெனியின் கடன் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறது, அந்தக் கம்பெனி அந்தப் பணத்தில் பல ஊர்களில் கழிவுநீர் பம்பு ஹவுஸ் கட்டியிருக்கிறது, அதில் ஒன்று நம் சுள்ளிக்கல் தாண்டித் தோட்டோரத்தில், அந்தக் கால்வாய்க் கரையில் இருக்கிறது, ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றாய். வட்டி ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன், வருகிறது என்றாய். அப்புறம் என்ன சந்தேகம் என்றேன். அதற்கு நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: வட்டி வரும் அப்பா, பம்பு ஓடினாலும் வரும், ஓடாட்டியும் வரும், அதான் பேடி, அதான் பயம். உங்கள் ஃபண்டில் பணம் போட்டவர்கள் வட்டிக்காக மட்டும் போட்டவர்கள் இல்லை, அந்த ஊர் வாத்தியார்களின் பென்ஷன் பணமெல்லாம் அதில் இருக்கிறது, மண்ணும் தண்ணீரும் கெடாத வேலைக்குத்தான் எங்கள் பணம் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினாய். கம்பெனி அனுப்பிய அறிக்கையில் பம்பு தினமும் பதினாறு மணி நேரம் ஓடுகிறது என்றிருக்கிறது, ஆனால் கரண்டுச் செலவு அதற்குத் தகுந்த மாதிரி இல்லை, மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றாய். முப்பத்தோரு வருஷம் கார்ப்பரேஷனில் பம்பு ஓட்டினவனிடம் பெற்ற மகள் இப்படி ஒரு வேலை கேட்டால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும், யோசித்துப் பார். அன்றைக்கே குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டிடம் நன்றாகவே கட்டியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. வாசலில் பச்சைப் பெயிண்டில் பெரிய போர்டு. உள்ளே யார் இருந்தது தெரியுமா, ரமேஷ்பாபு. நீ சின்ன வயதில் ரமேஷ் மாமன் என்று கூப்பிடுவாயே, அவனேதான். பதினாலு வருஷம் எனக்குக் கீழே தற்காலிகமாக வேலை பார்த்தான், நிரந்தரம் ஆகவேயில்லை, நான் ரிட்டயர் ஆனதும் அவனையும் நிறுத்திவிட்டார்கள், இப்போது இந்தக் கம்பெனியின் காண்டிராக்டில் ஆபரேட்டர். என்னைக் கண்டதும் வரணும் அண்ணா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை, நேரே பம்பிடம் போனேன். மூன்று பம்பு. ஓடுகிற பம்பென்றால் தண்டு சுழலும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசியும், கீழே ஈரம் இருக்கும், கிரீஸ் வாடை இருக்கும். அங்கே தூசிதான் இருந்தது. மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற போல்ட்டுகளில் செய்த இடத்தில் அடித்த பெயிண்டு உரியாமல் பளபளவென்று இருந்தது. சுவரில் இருந்த பேனலில் மோட்டார் இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. திறந்து பதினாலு மாதமான பம்பு, மீட்டரில் அறுபத்தொன்று. மேசையில் கிடந்த லாக் புக்கைத் திறந்தேன், ஒவ்வொரு தேதிக்கும் நேரே பதினாறு மணி, பதினாறு மணி என்று ரமேஷ்பாபுவின் கையெழுத்து. நான் படிப்பித்த கையெழுத்து அது, ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவது கூட என்னைப் பார்த்துப் பழகினதுதான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனே சொன்னான். பெரிய கரண்டு கனெக்ஷனுக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கம்பெனி இன்னும் கட்டவில்லை, யாராவது பார்க்க வரும் நாளில் மட்டும் வாடகை ஜெனரேட்டர் வரும், இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பின்னே ஏன்டா இப்படி எழுதறே என்றேன். நான் எழுதலைன்னா வேற ஆள் வந்து எழுதும் அண்ணா, எனக்கு ஜோலி போகும், பம்பு ஓடாது, அவ்வளவுதானே என்றான். அவன் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இன்னொன்று உனக்கு நாங்கள் சொல்லவே இல்லை, நீ பிளஸ் டூ எழுதிக்கொண்டிருந்த வருஷம் நான் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, காய்ச்சல் என்று அம்மா சொன்னாளே, அது காய்ச்சல் இல்லை. பழைய பம்பு ஹவுஸின் கழிவுநீர்க் கிணற்றுக்குள் இறங்கினபோது விஷவாயு தாக்கி மயங்கி விழுந்துவிட்டேன், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி என்னைத் தூக்கினது ரமேஷ்பாபு. இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். பம்பு ஓடுதா அப்பா என்றாய். நல்லா ஓடுது மோளே, ஒரு குறையுமில்லை என்றேன். அப்பா பார்த்துச் சொன்னா பின்னே எனக்கு வேற யாரு சொல்லணும் என்று நீ சிரித்தாய், நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது என்று எழுதி அந்தப் பத்திரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்புக் கொடுத்துவிட்டதாக அடுத்த வாரம் சொன்னாய். போனை வைத்ததும் அம்மா கேட்டாள், எதுக்கு அவள்ட்டப் பொய் சொன்னீங்க என்று. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அம்மா அதற்கப்புறம் கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூன் பதினேழாம் தேதி தொடங்கி இரண்டு நாள் விடாமல் மழை. புதுப் பம்பு ஓடுகிறது என்று நம்பி, இந்த மழைக்குச் சில நாள் முன்புதான் அந்தப் பக்கத்து வீடுகளின் கழிவுக் குழாயையெல்லாம் அதன் கிணற்றுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பம்பு எடுத்து வெளியே தள்ளினால்தானே கிணறு காலியாகும். நிறைந்து, வந்த வழியே திரும்பி, வீடுகளின் கக்கூஸ் வழியாகவும் குளியலறை வழியாகவும் மேலே வந்துவிட்டது. உனக்குப் பள்ளிக்கூடப் பாவாடை தைத்துக் கொடுத்த டெய்லர் யூசுப்பின் கடையும் வீடும் அங்கேதான். செய்தி கேட்டுப் போனேன். முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். பள்ளி திறந்த மாதமில்லையா, நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தான், அடிக் கட்டெல்லாம் ஊறிப் போய்விட்டது. தையல் மெஷினை மேசைமேல் ஏற்றிவிட்டு அவன் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் வாளியை வாங்கி இறைக்க ஆரம்பித்தேன். யூசுப் பக்கத்தில் வந்து, அண்ணே, நீங்க பம்புக்காரர்தானே, இவ்வளவு பெரிய பம்பு ஹவுஸை மூக்குக்கு நேரே கட்டி வெச்சிருக்கான், பின்னே எதனாலே இது வீட்டுக்குள்ளே கேறி வருது, உங்களுக்குத் தெரியாம இருக்குமா என்று கேட்டான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை மகளே, தெரிந்தவரிடம் விவரம் கேட்கிற மாதிரி கேட்டான். நான் குனிந்தபடி இறைத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வரை இறைத்தேன்.

மறுநாள் ரமேஷ்பாபுவிடம் போய், நான் பிந்துவுக்கு உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். யூசுப் வீட்டுத் தண்ணீரை அவனும் பார்த்திருக்கிறான். அப்புறம், அண்ணா, ரெண்டு நாள் தாங்க என்றான், நான் சரி என்று வந்துவிட்டேன். அவன் என்ன செய்தான் தெரியுமா, அன்றைய தேதிக்கு நேரே லாக் புக்கில் பூஜ்யம் என்று எழுதி, பக்கத்தில் மீட்டரில் இருக்கிற எண்ணையும் எழுதி, கீழே முழுப் பெயரைக் கையெழுத்துப் போட்டு, அதையும் மீட்டரையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டான். அடுத்த நாளும் பூஜ்யம். அதற்கடுத்த நாள் சூப்பர்வைசர் வந்து திங்கள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது ஒரு ஃபிளாட்டில் மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலை, பாதிச் சம்பளம். என்னிடம் வருத்தமாகப் பேசவில்லை, ஆனால் முன்னைப் போல வீட்டுக்கு வருவதுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டோரத்துக்காரர்கள் அங்கன்வாடியில் கூட்டம் போட்டார்கள். யூசுப்பிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் திட்டவில்லை, இதை எனக்குச் சொன்ன மாதிரி அங்கே வந்து எல்லாருக்கும் சொல்லணும் என்று மட்டும் சொன்னான். போனேன். நாற்பது பேர் இருக்கும். எழுந்து நின்று, பம்பு ஓடவே இல்லை, மீட்டரை நான் பார்த்தேன் என்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், கையில் குழந்தையோடு, எப்போ பார்த்தீங்க என்றாள். மே மாதம் என்றேன். அப்ப மழைக்கு முன்னேயே தெரியும், இல்லே சேட்டா என்றாள். ஆமாம் என்றேன். உட்கார்ந்தால் தப்பித்த மாதிரி ஆகிவிடும் என்று நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவர்களே ஒரு மனு எழுதி, கீழே என் பெயரையும் சேர்த்து, கார்ப்பரேஷனில் கொடுத்திருக்கிறார்கள். உறிஞ்சுகிற லாரி தினமும் வந்து கிணற்றைக் காலி செய்கிறது. பம்பு இன்னும் ஓடவில்லை.

இனி உன் விஷயம். இதைப் படித்ததும் அந்தப் பத்திரத்தை விற்றுவிடத் தோன்றும், அதுதான் உங்கள் ஆபீசிலும் சொல்வார்கள். போன வருஷம் இப்படி ஒரு கம்பெனியின் பத்திரத்தை விற்றுவிட்டு நீ சொன்னாய், நாங்க கை கழுவியாச்சு அப்பா, அன்னிக்கே வேற ஒருத்தர் விலை குறைச்சு வாங்கிட்டார், அந்த ஃபாக்டரிப் புகை மட்டும் அப்படியே இருக்கு என்று. அதை இந்த இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ விற்றால் வாங்குகிறவர் பம்பு ஓடுகிறதா என்று கேட்கிற ஆளாக இருப்பாரா? வைத்துக்கொண்டிருந்தால், அடுத்த வருஷம் பழைய கடனை அடைக்கப் புதுப் பத்திரம் விற்க அதே கம்பெனி உங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டும் என்றாயே, அப்போது மீட்டர் எண்ணைக் காட்டினால்தான் கடன் என்று சொல்ல முடியுமா? அதுவரை யூசுப் வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஏமாற்றினவனிடமே அந்த வாத்தியார்களின் பணத்தை விட்டு வைப்பதும் சரியா? எனக்குத் தெரியவில்லை பிந்து. பம்பைப் பற்றிக் கேட்டால் சொல்வேன், இது உன் தொழில், நீ முடிவு செய்ய வேண்டியது. ஆனால் முடிவு செய்ய உனக்கு உண்மையான எண் வேண்டுமே, அதைத்தான் நான் தராமல் இருந்துவிட்டேன். ரமேஷ்பாபுவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன், அவன் வேலையும் போயிற்று, உன் பெயரில் ஒரு பொய்யும் ஏறிவிட்டது. உன் மேலதிகாரியிடம் போய், நான் அனுப்பின ஆள் என் அப்பா, அவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று நீ சொல்ல வேண்டியிருக்கும். அது உனக்கு எவ்வளவு அவமானம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவர்கள் வீடியோவில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்கிறேன், மலையாளமோ தமிழோ, நீ மொழிபெயர்த்துக்கொள். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், நாலு நாள் பேசாமல் இருந்தாலும் சரி, அம்மாவிடம் மட்டும் பேசு, அவள் இதில் ஒன்றும் செய்யவில்லை.

நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் உன் மனசுக்கு நேராக இருக்கட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், அபிராமுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு, உங்கள் மூவருக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய்: லாக் புக் போட்டோவும் மீட்டர் போட்டோவும் பிரதீஷ் இன்று உன் போனுக்கு அனுப்புவான். உன் ஆபீசில் கொடுக்கும்போது ரமேஷ்பாபுவிடம் கேட்காமல் அவன் பெயரை வெளியே சொல்லாதே, போட்டோவில் கையெழுத்தையும் மறைத்துவிடு. என் பெயரை மறைக்காதே. அவன் பெயரை மட்டும் அடித்துவிட்டு இதே கடிதத்தைக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம், அதற்காகவே கீழே பெயரும் வேலையும் ஊரும் முழுவதும் எழுதுகிறேன்.

உன் அப்பா,
மா. செல்லதுரை,
பம்பு ஆபரேட்டர், ஓய்வு,
மட்டாஞ்சேரி.