ரிப்பன் இருந்த பக்கம்

மார்ச் 4
என்னிடம் கார் ஓட்டக் கற்க வந்த அம்மாள் ஒருவர் கிளட்ச்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்தபடியே ஒரு தெருவைக் கடந்தார். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்த என் இடுப்பு கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்தால் அம்மா மடியில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் கண் இனித் தேறாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"ரிப்பன் வச்ச இடத்துல இருந்து வாசிடா" என்றாள். தினம் ஓர் அதிகாரம், வரிசையாக. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆயுசு முழுக்க அதுதான் அவள் வழக்கம். திறந்தால் வெறும் வம்சப் பட்டியல். இன்னார் மகன் இன்னார். "போரடிக்கும்மா" என்று ஒரு சங்கீதத்தை வாசித்தேன்.

மார்ச் 6
காலையில் நான், சாயங்காலம் தங்கை என்று முறை வைத்தாயிற்று. அவள் எங்கள் சபையை விட்டுப் போனவள். குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதாம். தண்ணீரில் முழுகி மறுபடி எடுத்தாள். அதைப் பார்க்க அம்மா போனாள், நான் போகவில்லை. அதிலிருந்து எங்கள் பேச்சு "சாப்பிட்டியா"வோடு சரி.

மார்ச் 11
நேற்று அம்மாவுக்குத் தங்கை மகாராணி வாசித்தது என்ன தெரியுமா? முழுக்கு ஞானஸ்நானப் பகுதி! நான் பார்க்கட்டும் என்று அந்தப் பக்கத்தில் சீட்டு வேறு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். விடுவேனா? காலையில் நான் எடுத்தது வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றவனின் கதை. வீட்டார் என்றால் குழந்தைகளும்தானே? அந்த இடத்தில் குரலைச் சற்று உயர்த்தினேன். நானும் ஒரு சீட்டு வைத்தேன்.

மார்ச் 12
அவள் இரண்டு வைத்திருக்கிறாள்.

மார்ச் 23
இன்று அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். "வசனத்தை உன் இஷ்டத்துக்கு வளைக்காத அண்ணா" என்றாள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? "உனக்கு வேதம் தெரியுமா, உன் போதகர் சொல்றதுதான் தெரியுமா?" நடுவில் அம்மா.

"எனக்கு வாசிக்கிறீங்களா, இல்ல ஒருத்தர் மேல ஒருத்தர் எறிஞ்சுக்கிறீங்களா?"

அம்மா கையால் துழாவிப் புத்தகத்தை எடுத்து மூடினாள்.

"ரிப்பன் வச்ச இடத்தைத்தானே கேட்டேன்?"

"அதுல வெறும் பேருதானேம்மா" என்றேன்.

"அவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பயிற்சி காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டில் இல்லை.

மார்ச் 24
"இன்னைக்கு வேண்டாம்டா."

மார்ச் 29
இன்றும் வேண்டாம் என்றாள். தங்கையிடமும் அதேதானாம். அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அதிகாரத்தை முடித்துவிட்டுத்தான் படுத்தவள். அவளையே நிறுத்த வச்சுட்டோமே, படுபாவிங்க — வேதத்துக்காகத்தான் சண்டை போடறோம்னு வேற நினைப்பு. என்னத்த பண்ணி வச்சிருக்கேன்?

ஏப்ரல் 2
கேட்காமல் கொள்ளாமல் ரிப்பனிலிருந்து ஆரம்பித்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். காலையிலேயே கார் வகுப்பு. நாளைக்குக் கட்டாயம்.

ஏப்ரல் 3
ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு மூச்சுத் திணறல். புத்தகத்தை எடுத்துப் போகவில்லை.

ஏப்ரல் 6
அம்மாவை அடக்கம் செய்தோம். இரண்டு சபைப் போதகர்களும் வந்து ஜெபித்தார்கள். குழிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தங்கை.

ஏப்ரல் 13
அம்மாவின் புடவைகளை எடுக்கத் தங்கை வந்தாள். புத்தகத்தை எடுத்ததும் சீட்டுகள் பொலபொலவென்று கொட்டின. எது யாருடையது என்று இருவரும் பார்க்கவில்லை. கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

ரிப்பன் அங்கேயே இருந்தது. அவள் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். வாயில் நுழையாத பெயர்கள். தடுமாறும்போதெல்லாம் நான் திருத்துவேன் என்று என்னைப் பார்த்தாள். நான் திருத்தவில்லை. பாதியில் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். மீதியை நான் வாசித்தேன். சண்டை போட அதில் ஒரு வரிகூட இல்லை.

ரிப்பனை அடுத்த அதிகாரத்துக்கு நகர்த்திவிட்டு, "நாளைக்கு வரட்டுமாண்ணா?" என்றாள்.

"வா. சாப்பிட்டுட்டுப் போ."

அந்த அதிகாரத்துக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மா கேட்டது அவ்வளவுதான்.