மல்லிகா பேசிய ஐந்து நிமிடம்

மார்ச் 14, புதன்

தஞ்சாவூரில் சமூக நலப் பணியாளர்களுக்கான புத்தாக்கப் பயிற்சி, மூன்றாம் நாள். பதினைந்து வருடம் வேலை பார்த்தவளுக்கு இனி என்ன கற்றுத் தருவார்கள் என்ற சலிப்போடுதான் போனேன்.

இருவர் இருவராக உட்கார வைத்தார்கள். மனத்தை விட்டு அகலாத ஒரு நாளை ஒருவர் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். மற்றவர் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். பிறகு முறை மாறும். எனக்கு ஜோடியாக வந்தவர் மல்லிகா, திருவாரூரில் வேலை பார்ப்பவர். என் ஊரையும் அப்பா பெயரையும் கேட்டுக்கொண்டு, முதலில் அவரே பேசத் தொடங்கினார்.

"நானும் உங்க ஊருதாங்க. உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்க அப்பா வயல்ல கூலித் தகராறுல அறுப்பு நின்ன வருஷம், அம்மாவுக்கு இடுப்பு வலி வந்துச்சு. உங்க வீட்டுக்கு ஓடிவந்து வண்டி கேட்டேன். இல்லன்னுட்டாரு உங்க அப்பா. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். வாய்க்கால் கரையிலயே தம்பி பொறந்தான். தங்கல."

குரலில் கோபமே இல்லை. மன்னிப்புக் கேட்கவும் முடியாது, பேசக் கூடாதே.

மணி அடித்தது. "இப்ப நீங்க சொல்லுங்க" என்றார்.

அன்று வண்டி கொட்டகையில் சும்மா நின்றதையும், ஜன்னல் வழியே அந்தச் சிறுமியைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்ததையும் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். ஐந்து நிமிடமும் அவர் பார்வை என்னை விட்டு நகரவில்லை. என் பேச்சை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"ஒன்பது."

"எனக்கும் ஒம்பதுதாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எப்பேர்ப்பட்ட மனுஷி! பயிற்சி இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நாளையும் அவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.